அவர்கள் கேட்க மாட்டார்கள்

மேடத்தின் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம்பருப்பு அதில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். எதிரில் நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுத்து மெல்லுவார். நாங்கள் மூச்சிறைக்க மலையிலிருந்து திரும்பி வந்து நின்றாலும் ஒரு பருப்பை நீட்டியதில்லை. அதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணத்தை அவரே கொடுத்தார். ஆனாலும் அவரை நினைத்தால் அந்த மெல்லும் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது.

நான் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி, வீட்டில் பேசுவது தமிழ். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் அதன் இயக்குநர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஊர்களுக்குப் போய், முடிந்தவரை அதே ஆட்களிடம் ரத்தம் எடுத்து, மக்களின் உடம்பில் கொலஸ்ட்ராலும் வைட்டமின்களும் எப்படி மாறி வருகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. நகரத்தில் சில தெருக்கள், விழிஞ்ஞம் கடற்கரை, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம். அருமையான வேலை என்றுதான் இன்றும் சொல்வேன். ஒரு ஜனம் என்ன தின்றது, எவ்வளவு உழைத்தது, எதை இழந்தது என்பதெல்லாம் ரத்தத்தில் இருக்கும். பொறுமையாகக் கேட்டால் சொல்லும்.

போனக்காட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தியிடம் ரத்தம் எடுத்தேன். நாற்பதைத் தாண்டியவள், எங்கள் பக்கத்துத் தமிழ் பேசியவள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறதாம். சரிவில் தடுமாறுகிறாளாம். வயசாகிறது என்று புருஷன் சொல்கிறானாம். “காலுல செருப்பு கெடக்கா, கழண்டு போச்சான்னு குனிஞ்சு பாத்தாத்தாம்மா தெரியுது,” என்று சிரித்தாள்.

அவளுடைய மாதிரியை மெஷினில் வைத்தபோது பி பன்னிரண்டு வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். மாற்றமில்லை. அந்தச் சத்து இல்லாமல் போனால் நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஊசி போட்டால் பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காது. இது கல்லூரியில் படிக்கிற சாதாரணப் பாடம். மேடத்துக்கு நன்றாகவே தெரிந்த பாடம்.

அவளுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்கப் போனேன். மேடம் ஒரு பருப்பை மென்று முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “இப்ப மருந்து கொடுத்தா அடுத்த ரவுண்டுல டிரெண்ட் பாழாகும். நீ ரத்தம் எடு, மெஷின்ல வை. பாக்கி காரியம் நான் நோக்கிக்கறேன், கேட்டியா?”

நகரத்துத் தெருக்களில் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கெல்லாம் அதே வாரம் அலுவலகத்திலிருந்து போன் போயிருந்தது. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் பலர் குடியிருக்கும் தெருக்கள் அவை. எண்ணெயைக் குறையுங்கள், மாத்திரை தொடங்குங்கள் என்று மேடமே சிலரிடம் பேசினார். அவர்கள் மருந்து தின்றால் மட்டும் டிரெண்ட் பாழாகாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் என்னை எரித்தது.

“ரிசல்ட் எங்கேன்னு அவங்க கேப்பாங்க. இவங்க கேக்க மாட்டாங்க,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அக்காவிடம் விவரத்தைச் சொன்னபோது அவள் பயப்படவில்லை. ‘அப்ப இது கிறுக்கு இல்லையா’ என்று மட்டும் கேட்டாள். ஏதோ மனசுக் கோளாறு என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்களாம். அவளைக் கையோடு மலையடிவாரத்து விதுரைக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஊசி தொடங்கியது. மாதங்கள் கழித்துப் பாதத்தில் உணர்ச்சி திரும்பியது, முழுதாக அல்ல. சமதரையில் நன்றாக நடந்தாள். சரிவில் நின்று கொழுந்து பறிக்க மட்டும் கடைசிவரை முடியவில்லை. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் அதுவும் முடிந்திருக்கும் என்று அந்த ஊர் டாக்டர் என்னிடம் சொன்னார்.

அந்த டாக்டர் மையத்துக்குப் போன் செய்து பழைய முடிவைக் கேட்டதில் விஷயம் வெளியானது. எல்லோரையும் நிற்கவைத்து, இவளால் ஒரு ரவுண்டே கெட்டது என்றார் மேடம். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழியனுப்ப ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது நகரத்தில் ஒரு தனியார் லேபை நான் கவனித்துக்கொள்கிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வெறும் வயிற்றோடு மேடம் வந்து உட்கார்ந்தார். முடி நரைத்திருந்தது. முதுகு வளையவில்லை. முழு உடல் பரிசோதனை. முடிவு வந்ததும் தனக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று அதிகாரமாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து நரம்பைத் தேடும்போது, என்னை எங்கேயோ கண்டிருப்பதாகச் சொன்னார். பேரைச் சொல்லாமல், “போனக்காடு சர்வே, மேடம்,” என்றேன்.

சற்று யோசித்தார். “ஓ, அந்த எஸ்டேட். அதை அடுத்த ரவுண்டுலேயே லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டோமே. அப்புறம் சராசரி வைட்டமின் லெவல் எல்லாம் நல்லா மேல வந்துச்சு.”

ஊசியை நான் அழுத்திக் குத்தவில்லை. குத்தியிருந்தாலும் அவருக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

அவருடைய ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கொலஸ்ட்ரால் அளவோடு இருந்தது, வைட்டமின்கள் நிறைந்திருந்தன. ஏதாவது குறைந்திருக்க வேண்டும் என்று விரும்பித்தான் அந்தத் தாளைப் பார்த்தேன், அதை மறைக்கப் போவதில்லை. வயதானால் கோபம் தணியும் என்று சொல்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிக்கும் எண்ணமும் இல்லை.

மாலையில் போன் செய்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னேன். தனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்த எண்ணை அழுத்தினேன். விழிஞ்ஞத்திலிருந்து வந்திருந்த ஒரு மீன்காரம்மா. அவர் எதையும் கேட்டுவிட்டுப் போகவில்லை.