ஆனையூருக்கு வந்த நீலக்கல்

போன வாரம் ஆனையூரிலிருந்து அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். உடனே வரவேண்டுமாம். யாருக்கு என்னவோ என்று அலறியடித்துக்கொண்டு ஜட்காவில் போய் இறங்கினால்... மச்சான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்!

வலது கையில் கறுப்புத் துணி முடிச்சு. அதற்குள் ஒரு நீலக்கல்.

விஷயம் இதுதான். மச்சானுக்கு ரொம்ப நாளாக முழங்கால் வலி. ஜோசியர் சனியின் வேலை என்றார். டவுன் ரத்தின வியாபாரி ஒருவர், நீலம் போட்டால் வாதம் பறந்துபோகும் என்று கொழும்புக் கல்லோடு வந்துவிட்டார். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள் இல்லையா? அதனால் ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது வழக்கம். அந்த டிரயலுக்கு அன்றுதான் கடைசி நாள்.

வாங்கப் பணம்? உழவு மாட்டு ஜோடியை விற்கப் போகிறாராம்!

"கன்னுலேருந்து நான் வளத்த மாடு, தம்பி. மழை விழுந்தா எதை வச்சு உழுகுறது? வயிறு எரியுது" என்று அடுப்படியில் அக்கா அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

மச்சானிடம் வாதாடிப் பார்த்தேன். நடக்குமா?

"மாப்ள, பாண்டிய ராசாக்க முத்தும் மாணிக்கமுமா போட்டது அழகுக்கா? முத்து சூட்டைத் தணிக்கும், பவழம் ரத்தத்துக்கு நல்லது. அம்புட்டும் வைத்தியம்!"

"அப்ப நேத்து தயிர்ப்பானை உடைஞ்சுதாமே? கல்லு ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"பெரிய கண்டம் ஒண்ணு பானையோட போச்சு!"

கல்லை நம்பிவிட்டவரிடம் எந்த வக்கீலும் கேஸ் ஜெயிக்க முடியாது. நல்லது நடந்தால் கல் கொடுத்தது. கெட்டது நடந்தால் கல் குறைத்தது. எப்படிப் போனாலும் தீர்ப்பு கல் பக்கம்தான்.

சாயங்காலம் வியாபாரி வந்தார். மச்சான் எழுந்து கூடத்தில் ஒரு நடை நடந்து காட்டினார். "வலி இருந்த எடமே தெரியலை, அண்ணே!"

சரி, மாடு போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். மச்சான் கைமுடிச்சை அவிழ்த்தாள். கல்லை எடுத்து வியாபாரி கையில் வைத்தாள்.

"நல்லா இருப்பீக, அண்ணே. இவுகளுக்கு வலி போயிருச்சு. சொகமானப்பறம் மருந்து எதுக்கு? கொண்டு போங்க."

வியாபாரி திகைத்துப்போனார். "தங்கச்சி... வலி திரும்ப வந்துருச்சுன்னா?"

"வந்துச்சுன்னா கல்லு கேக்கலைன்னுதானே அர்த்தம்? கேக்காத கல்லை எந்தக் கிறுக்கன் வாங்குவான்?"

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கல் டவுனுக்கே திரும்பிவிட்டது.

மாடுகள் தொழுவத்தில் சௌக்கியம். மச்சான் முழங்காலைத் தடவித் தடவி நடக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால், "சேச்சே!" என்கிறார். பாவம், வலிக்கிறது என்று சொன்னால் கல் தோற்றுப்போகுமே!