ரத்னாபாயின் பாஸ்வேர்டுகள்

சாலைக் கடைவீதியில் மகாராஜா என்பவர் நடத்தும் மொத்த ஜவுளிக்கடையில் ரத்னாபாயைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். பில் போடுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வா என்றால் வருவாள். ஓணக் கூட்டத்தில் சாப்பிட நேரமில்லை என்றால் பட்டினி கிடப்பாள். முதலாளி எதைச் சொன்னாலும் "செரி முதலாளி" என்பதோடு சரி.

அந்தப் பொறுமையின் ரகசியம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பில் போடும் மென்பொருள் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். எழுத்தோடு ஓர் எண்ணும் ஒரு குறியும் கட்டாயம். மற்றவர்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் தீர்ந்துபோய்த் திண்டாடினார்கள். ரத்னாபாய் ஒருநாளும் யோசித்ததில்லை. ஞாயிறு வேலை வாங்கிய மாதம், 'மகாராஜா ஒரு கஞ்சன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் எண்ணும் ஆச்சரியக்குறியும் போட்டாள். காலையில் அதை ஒரு தடவை அடித்தால் போதும், சாயங்காலம் வரை முகத்தில் சிரிப்பு மாறாது.

ஒருநாள் மென்பொருள் கம்பெனியிலிருந்து ஷிபா என்ற பெண் வந்தாள்.

"சேச்சி, இனி பாஸ்வேர்டே வேண்டா. இது பாஸ்கீ. உங்க போன்ல விரல் வச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டா, கம்ப்யூட்டர் திறந்திடும்."

"அப்போ மாசாமாசம் மாத்தண்டாமா?"

"ஒருக்கலும் வேண்டா. பழைய பாஸ்வேர்ட மட்டும் கடைசியா ஒருதடவ அடிங்க."

மகாராஜா வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்து நின்றார். ரத்னாபாய் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அடித்தாள். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. ஷிபா உதவுவதாக நினைத்து, திரையிலிருந்த கண் படத்தை அமுக்கினாள். புள்ளிகளெல்லாம் எழுத்தாக மாறின: 'ஃபேன் போடாத கஞ்சப் பிசாசு', கூடவே எண்ணும் ஆச்சரியக்குறியும். வாசித்த ஷிபா சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" மகாராஜா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

"சாமி பேரு, சார். வேற ஆளு வாசிக்கக்கூடாது," என்றாள் ஷிபா.

மறுநாள் காலை ரத்னாபாய் போனில் பெருவிரலை வைத்தாள். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. அவ்வளவுதான். அடிக்க ஒன்றுமே இல்லை. நெஞ்சுக்குள் என்னவோ அடைத்தது போலிருந்தது. நாளுக்கு நாள் அது கூடியது. வீட்டில் கணவன் வன்னியராஜ், "வயித்துல கேஸாக்கும்" என்று சொல்லிச் சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் கொடுத்தான். அதற்கும் அடைப்பு கேட்கவில்லை.

மேட மாதத்து வெயில் புழுக்கத்தில் ஒரு மத்தியானம், அவள் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை மகாராஜா வந்து நிறுத்தினார். "காத்துல பில்லு பறக்குல்லா, ரத்னா?"

"செரி முதலாளி" என்று சொல்லத்தான் ரத்னாபாய் வாயைத் திறந்தாள்.

"பில்லு பறந்தா நான் பிடிச்சுக்கிடுவேன். நான் மயங்கி விழுந்தா நீங்க வந்து பிடிப்பீளா? நீங்க ஒரு கஞ்சப் பிசாசாக்கும், முதலாளி. ஆச்சரியக்குறி!"

கடைசி வார்த்தை பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. விற்பனையாள் பிரவின்ராஜ் மடித்துக்கொண்டிருந்த கைலியை அப்படியே மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மகாராஜா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வேலை போயிற்று என்று ரத்னாபாய் சோற்றுப் பாத்திரத்தைப் பையில் எடுத்து வைத்தாள். பயமாக இருந்தது. ஆனால் நெஞ்சடைப்பு போயே போய்விட்டது.

மகாராஜா டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஃபேனைப் போட்டார். தன் இடத்தில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பிசாசுன்னு சொல்லியிருக்க வேண்டாம்," என்றார்.

"செரி முதலாளி."

"கஞ்சன்னு வேணும்னா சொல்லிக்கோ."

அதற்குப் பிறகு, லீவு வேண்டுமென்றால் பிரவின்ராஜ் முதலாளியிடம் போவதில்லை, ரத்னாபாயிடம் வந்து நின்றான். அவள் போய்க் கேட்டால் கிடைத்தது. போன வாரம் கடையிலிருந்து நீலக் கைலி கேட்டதற்கு, சரக்கு போடும் ஈரோட்டுக்காரன் முழுக்க மஞ்சளாக அனுப்பிவிட்டான். மகாராஜா போனில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவன் திரும்ப எடுக்க மாட்டேன் என்றான். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பில் மேஜைக்கு வந்தார்.

"ரத்னா, கொஞ்சம் நீ பேசு."

"எப்பிடிப் பேச, முதலாளி?"

"எங்கிட்ட பேசினியே, அப்பிடி."

ரத்னாபாய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனை வாங்கினாள்.