இரண்டாவது ஊசி

வந்த கோபத்துக்கு அந்த ஊசியைப் பிடுங்கித் தெருவில் வீசியிருப்பாள் விமலா. பழக்கம்தான் தடுத்தது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள்; ஊசியைக் கண்ட இடத்தில் போடுகிறவர்களை வார்டே அதிரத் திட்டியவள்.

எதிரே, மருந்து ஏற்றிய ஊசியோடு புருஷன் பக்தவச்சலம். "வா விமலா, இன்சுலின் போட்டுக்கலாம்" என்றார், அத்தனை அன்பாக. காலை ஏழரைக்கே போட்டாயிற்று. இப்போது மணி ஒன்பது. இன்னொன்று உள்ளே போனால் சர்க்கரை எந்தப் பாதாளத்துக்கு இறங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்ஸுக்கு ஊசி போடப் புருஷன் எதற்கு? அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! எழுபது தாண்டியதிலிருந்து விமலாவுக்கு வார்த்தைகள் சட்டென்று வருவதில்லை. சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த… இது… மாவு சலிக்கிறது" என்பாள். பக்தவச்சலமோ பேச்சில் புலி. வேலை பார்த்த தொழிற்சாலையின் ஆயுத பூஜை மேடையில் மைக்கைப் பிடித்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் விடமாட்டார். தடுமாறுகிறவளுக்கு மூளை மங்கிவிட்டது, கடகடவென்று பேசுகிறவர் தெளிவாக இருக்கிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

பெங்களூருக்குக் கூட்டிப்போய் அவளை டாக்டரிடம் காட்டினார்கள். அவர் படம் காட்டினார், கணக்குப் போடச் சொன்னார், கதை சொல்லித் திருப்பிக் கேட்டார். "பேரு தேடத்தான் நேரமாகுது. யோசனையெல்லாம் கரெக்டா இருக்கு" என்றார். அதில் முதல் பாதியை மட்டும் ரயில் முழுக்க நடித்துக் காட்டிக்கொண்டு வந்தார் பக்தவச்சலம். மகன் உதயும் சேர்ந்து சிரித்தான். மருந்துப் பெட்டியை அப்பா கையில் கொடுத்தவனும் அவன்தான்.

அவருக்குத்தான் மறதி ஏறுவதை எட்டு மாதமாக அவள் பார்க்கிறாள். பூதிகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனவர், திரும்ப வழி தெரியாமல் பங்காருப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதையும் ஒரு ஜோக்காக்கிவிட்டார். அவள் மகனிடம் சொல்லப் போனால், முதல் வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் மீதியை அவரே முடித்துவிடுவார்.

இப்போதும் உதய்க்கு வீடியோ கால் போட்டுவிட்டார். "உங்கம்மா ஊசி போட்டுக்க மாட்டேங்கறாப்பா."

"இன்னாம்மா இது, சின்னக் கொழந்த மாதிரி?" ஆபீஸிலிருந்தே கத்தினான் உதய்.

"இது ரெண்டாவது… ரெண்டாவது…"

"காபி" என்று முடித்து வைத்தார் பக்தவச்சலம். "ரெண்டாவது காபி கேக்கறாப்பா." இருவரும் சிரித்தார்கள்.

விமலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வார்த்தையைத் தேடுவதை விட்டுவிட்டு யோசித்தாள். போனைப் பிடுங்கி, "காலைல இன்னா சாப்ட்டாருன்னு அப்பாவக் கேளு" என்றாள்.

"இட்லி, வேர்க்கடலைச் சட்னி! சட்னியில பூண்டு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு…" என்று ஆரம்பித்துவிட்டார் பக்தவச்சலம்.

அவள் போனைச் சமையலறைக்குத் திருப்பினாள். அடுப்பில் உப்புமாச் சட்டி. தொட்டியில் உப்புமா ஒட்டிய இரண்டு தட்டுகள். இட்லிப் பானை மேலே பரணில் கவிழ்ந்து கிடந்தது. பிறகு, போட்டு முடித்த ஊசிகளைச் சேர்க்கும் பழைய டப்பாவைத் திறந்து காட்டினாள். நேற்று ராத்திரிதான் காலி செய்தது. உள்ளே ஒரே ஒரு ஊசி.

"இது… காலைல போட்டது. அவரு கையில… இன்னொண்ணு."

உதய் சிரிக்கவில்லை. "எத்தன நாளாம்மா இப்டி?"

"எட்டு மாசமா சொல்றேண்டா! கேட்டியா நீ? சிரிச்சீங்க, ரெண்டு பேரும்."

பக்தவச்சலம் இன்னும் பூண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊசியை வாங்கி மூடி போட்டாள் விமலா. ஜெயித்துவிட்டாள். ஆனால் இப்படி ஜெயிப்பதற்குப் பதில் தனக்கே மூளை கெட்டிருக்கலாம் என்று தோன்றியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்மா" என்றான் உதய், குரலை இறக்கி. "அப்பாகிட்ட மட்டும் நீயே பதமா சொல்லிடேன்."

"ஏண்டா, இத்தன நாள் என் வாய அடச்சுட்டு, இப்போ அதையும் நானேதான் சொல்லணுமா?" ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

"இன்னா சொல்லணும் விமலா?" என்று பக்கத்தில் வந்து நின்று ஆவலாகக் கேட்டார் பக்தவச்சலம்.