மந்திரகோடி போர்த்திய பெண்

அந்தப் படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அம்மாவின் நினைப்பு வரும்.

அப்பா துபாயில் ஓட்டல் வேலை பார்த்தார். அங்கே பழசு என்று கழித்துப் போட்ட அந்தப் படத்தை ஒரு லீவுக்குச் சுருட்டிக்கொண்டு எங்கள் கடற்கரை ஊரான முட்டத்துக்கு வந்தார். பளிங்குத் தொட்டியோரம் ஒரு பெண். தலையில் சிவப்புத் தலைப்பாகை, கையில் மயில்பீலி விசிறி. முதுகில் பொட்டுத் துணி கிடையாது.

பார்த்த மாத்திரத்தில் அம்மா முடிவு கட்டிவிட்டாள்: மகதலா மரியாள், மனந்திரும்புவதற்கு முந்தி! புனிதையை இப்படியா விடுவது? கோயிலில் மந்திரித்துக் கட்டிய தன் கல்யாணச் சேலை, அதுதான் மந்திரகோடி, அதன் முந்தியில் ஒரு துண்டு வெட்டி முதுகில் ஒட்டினாள். கோட்டாற்றுக் கடையில் கண்ணாடி போட்டு வந்து, வீட்டுச் செபப் பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அப்பா திரும்பிப் போன பிறகு அம்மாவுக்குப் பேச்சுத்துணை அவள்தான். மீன் விலை முதல் மாமியார் குறை வரை அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

நான் சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனேன். வகுப்பில் ஒருநாள் திரையில் அவள், துணியில்லாமல்! அந்தப்புரத்து அடிமையாம். எந்த அந்தப்புரத்திலும் கால் வைக்காத ஐரோப்பியர் ஒருவர், கிழக்கத்திப் பெண்கள் இப்படித்தான் என்று கற்பனையில் வரைந்தது. எனக்குக் காது சுட்டது.

லீவுக்கு வந்தால், மறுநாள் பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார் என்றாள் அம்மா. பதறிவிட்டேன்.

“முதல்ல அதக் கழத்தும்மா. அது மகதலா மரியாளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெலைக்கு வாங்குன பெண்ணு. வெள்ளக்காரனுவ பாத்து ரசிக்க வரஞ்சது.”

படித்த திமிர், வேறென்ன? அம்மாவின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷத்துச் சிநேகிதியை ஒரே பேச்சில் பறித்துவிட்டேன். படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வெலைக்கா வித்தானுவ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

சாயங்காலம் செபமாலைக்குக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், படம் பழைய ஆணியிலேயே இருந்தது. எனக்கு எரிச்சல், ஆனாலும் முழங்காலில் நின்றேன். கடலுக்குப் போனவர்களுக்கு, அப்பாவுக்கு என்று வழக்கமான வேண்டுதல்கள் முடிந்தன. எழப்போன என் கையைப் பிடித்து அம்மா நிறுத்தினாள்.

“நில்லு மக்கா, இவளுக்கும் ஒரு அருள்நிறை மரியே சொல்லணும். இத்தற நாளும் நான் இவகிட்டல்லா வேண்டிக்கிட்டிருந்தேன். இவளுக்காக ஒருத்தரும் வேண்டலியே.”