பூட்டிய மாளிகையைச் சோதித்தவள்

என் மனைவியின் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர் ஒன்று. இரண்டாவதுதான் நிலைத்தது. பார்சல் பிரிக்கும் கூடத்தில் அவள் இருபத்திரண்டு ஆண்டும் நான்கு மாதமும் வேலை பார்த்தாள். முகவரிச் சீட்டு கிழிந்த பெட்டி, தப்பான கூடைக்குப் போக இருந்த உறை, மூலையில் கசியும் டப்பா, எதுவானாலும் ஓடும் பட்டையில் அது தன்னைத் தாண்டுவதற்குள் கை வைத்துவிடுவாள். கூட இருந்தவர்கள் ‘கழுகு’ என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

எப்படித்தான் தேடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“பொருளைத் தேடக் கூடாது அத்தான். ஒட்டாம நிக்கிறது எதுன்னு பாக்கணும். மத்ததெல்லாம் தானா ஒதுங்கிக்கும்” என்றாள்.

பிறகு அந்தக் கூடத்துக்கு இயந்திரம் வந்தது. ஐம்பத்து மூன்றாவது வயதில் கழுகு வீட்டுக்கு வந்தாள். எங்களோடுதான் இருந்தாள். பதினொரு மாதம் வேலை இல்லை. எங்கள் வீட்டில் தொலைந்துபோன எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் தொலையாதவற்றையும் கண்டுபிடித்துக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

“அக்கா, இந்தக் கத்தரிக்கோல் ஏன் ஜன்னல்ல இருக்கு?”

“நான்தான்டி வெச்சேன்.”

“வெச்சா சொல்ல வேண்டாமா?”

அதனால் அவளுக்கு வேலை கிடைத்த அன்று அவளைவிட எங்களுக்குத்தான் நிம்மதி.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகளில் ஒரு சிறு நிறுவனம். கைபேசியில் விளையாடும் விளையாட்டுகளைச் செய்பவர்கள். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்ததன் பெயர் ‘பூட்டிய மாளிகை’. பேய் குடியிருக்கும் மாளிகையில் ஏழு அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு படம். படம் நிறையத் தட்டுமுட்டுச் சாமான். படத்தின் அடியில் பன்னிரண்டு பொருள்களின் பட்டியல் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துத் தொட்டால் அடுத்த அறை திறக்கும். தப்பான இடத்தைத் தொட்டால் பேய் ஓலமிட்டுத் திரையை ஐந்து நொடி இருட்டாக்கும். கழுகின் வேலை, ஆட்டம் வெளிவருவதற்கு முன் அதை ஆடிப் பார்ப்பது.

அங்கே ஒரு விதி இருந்தது. மேலாளர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். முப்பது நொடிக்குள் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் படம் வரையும் பெண்ணிடம் திரும்பிப் போக வேண்டும். அவள் அதை இன்னும் நன்றாக ஒளித்துத் தர வேண்டும். கழுகின் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம், பக்கத்தில் நொடிக் கணக்கை எழுதும் நொடித் தாள். மூன்றாம் அறையின் கண்ணாடி மோதிரத்தை முதல் தடவை நான்கு நொடியில் கண்டுபிடித்தாள். திரும்பிப் போய் வந்ததும் ஒன்பது. பிறகு பதினான்கு, இருபத்திரண்டு, இருபத்தேழு. ஆறாவது தடவைதான் முப்பத்து மூன்று நொடி ஆனது.

“அந்தப் பொண்ணு என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. ‘இனிமே சுவருக்குள்ளதான் வெக்கணும்’னு சொல்றா” என்று கழுகு எங்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆட்டம் வெளிவந்தது. மூன்று வாரத்தில் 418 பேர் கருத்து எழுதினார்கள். ஐந்துக்குச் சராசரி 2.1 நட்சத்திரம்.

கழுகு அந்தக் கருத்துகளை முப்பத்தொரு தாளில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசையில் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடி போடாமலே உரக்கப் படித்தாள்.

“‘மூணாவது ரூம்ல மோதிரம் எங்க? முக்கா மணி நேரமாத் தேடுறேன். என் கல்யாண மோதிரம் காணாமப் போனப்பகூட இவ்வளவு தேடல.’ கேட்டியா அக்கா கொழுப்ப? இது இன்னொண்ணு. ‘பேயப் பாத்து பயம் வரல. லிஸ்ட்ல ஊசின்னு பாத்ததும்தான் பயம் வந்துச்சு.’ இவன் ஒருத்தன். ‘படம் அருமை, இசை அருமை, கண் டாக்டர் நம்பர் இருந்தா குடுங்க.’”

என் மனைவி சிரித்துவிட்டாள்.

“சிரிக்காத. இதக் கேளு. ‘இதை யாராவது ஒரு தடவையாவது ஆடிப் பாத்தீங்களா?’” கழுகின் குரல் ஏறியது. “நான் பாத்தேன்டா! நாலு மாசம் பாத்தேன்!”

“அவனுக்கு எப்படிடி தெரியும்?”

“தெரியணும்!”

மேலாளர் கூப்பிட்டுப் பேசியிருந்தார். இருபத்தெட்டாம் தேதிக்குள் சராசரி மூன்றைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சோதிக்கும் ஆளை மாற்றுவார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. “மறுபடியும் வீட்டுல உக்காருறது என்னால ஆகாது அத்தான்” என்றாள். அன்று தேதி பதினான்கு.

முதல் நான்கு நாளை அவள் வீணாக்கினாள். ஆட்டக்காரர்களுக்குப் பதில் எழுதும் அனுமதி அவளிடமும் இருந்தது. ஒருவருக்கு, ‘பொறுமையாகப் பார்த்தால் தெரியும்’ என்று எழுதினாள். இன்னொருவருக்கு, ‘மோதிரம் உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது’ என்று எழுதினாள். மூன்றாமவர் ஓர் ஆசிரியை. ஏழு அறையையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றவருக்கு, ‘போய் வாருங்கள்’ என்று எழுதிவிட்டாள். பதினெட்டாம் தேதி சராசரி 1.9. மேலாளர் பதில் எழுதும் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் ஆவணக் காப்பறையில் வேலை பார்த்தவன் என்பதால், அந்த 418 கருத்துகளை வகை பிரித்துத் தரும்படி என்னிடம் கேட்டாள். இரண்டு நாள் ஆனது. பேய் பயமுறுத்தவில்லை என்றவர்கள் 38 பேர். பொருள் இருக்கும் பக்கத்தைத் துப்புக் காட்டும் விளக்கு ஒருமுறை அணைந்தால் மறுபடி எரிய நேரமாகிறது என்றவர்கள் 29. படத்தையும் கதையையும் பாராட்டியவர்கள் 52. கைபேசி சூடாகிறது, விளம்பரம் வருகிறது என்று பலவிதமாகச் சொன்னவர்கள் 28. மீதி 271 பேரும் சொன்னது ஒன்றேதான்: பொருள் கண்ணில் படவில்லை.

“பாதிக்கு மேல” என்றேன்.

“பொறுமை இல்லாதவங்க பாதிக்கு மேல. ஊர் அப்படி ஆயிருச்சு.”

“271 பேருக்கும் பொறுமை இல்லையா?”

“நீங்க யார் பக்கம் அத்தான்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 271 பேரும் சோம்பேறிகள் என்று நிரூபிப்பதற்காக, கழுகு தன் அக்காவின் கையில் கைபேசியைக் கொடுத்து முதல் அறையைத் திறந்து வைத்தாள். ஏழு அறைகளில் அதுதான் எளிது. தானே எதிரில் நாற்காலி போட்டு நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தலைகீழாகத் தெரியும்; அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

என் மனைவி கண் நன்றாகத் தெரிபவள். இன்னமும் ஊசியில் நூல் கோப்பாள். பத்து நிமிடத்தில் மூன்று பொருள் கண்டுபிடித்தாள். பிறகு பேய் ஓலமிட ஆரம்பித்தது.

“அங்க இல்லக்கா. ஏன் அங்க தொடுற?”

“மெழுகுவர்த்தி மாதிரி இருந்துச்சு.”

“அது நாற்காலிக் கால்.”

“அப்ப மெழுகுவர்த்தி எங்க?”

“சொல்லக் கூடாது.”

மறுபடி ஓலம். கழுகு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“முகத்துக்கு நேரா இருக்கு. இத்தனை பெருசு இருக்கு. அத விட்டுட்டு மேல போற, கீழ போற. கண்ணைத் தொறந்து பாரு.”

“தொறந்துதான்டி இருக்கேன்!”

“பொருளைத் தேடாத. ஒட்டாம நிக்கிறது எதுன்னு பாரு.”

“எல்லாமே ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது!” என் மனைவி கைபேசியை மேசையில் வைத்துவிட்டாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “இருபத்தஞ்சு நிமிஷமா ஒரு மெழுகுவர்த்திக்காக உன்கிட்ட திட்டு வாங்குறேன். உனக்கே தெரியாத மாதிரி ஒளிச்சு வெச்சிட்டு, எனக்குத் தெரியலன்னா நான் குருடா?”

கழுகு கடிகாரத்தை நிறுத்தினாள். எழுந்து தன் அறைக்குப் போய், பையிலிருந்து நொடித் தாள்களை எடுத்துவந்தாள். ஏழு அறைகளில் 84 பொருள்கள். அவற்றில் 61 பொருள்கள் ஒரு தடவையாவது திரும்பிப் போனவை. எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தது. மெழுகுவர்த்தி நான்கு தடவை போய் வந்திருந்தது. வெள்ளை மெழுகுவர்த்தி, மூன்றாம் தடவை நாற்காலியின் நிறத்துக்கு மாறி, நான்காம் தடவை நாற்காலியின் ஐந்தாவது காலாகியிருந்தது.

“முப்பது நொடின்னு அந்த மேனேஜர் தம்பி எழுதி வெச்சாரே” என்றாள் கழுகு. “யாரோட முப்பது நொடின்னு யாருமே கேக்கல. நானும் கேக்கல.”

“நல்லதாப் போச்சு. காரணம் கெடச்சிருச்சுல்ல” என்றாள் என் மனைவி.

“என்ன நல்லது? காரணம் நான்தான்னு நானே போய்ச் சொல்லணும். சொன்னா, சோதிக்கிற ஆளை மாத்துங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. சொல்லலன்னா இருபத்தெட்டாம் தேதி அவங்களா மாத்துவாங்க.” நொடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் தட்டினாள். “ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு அக்கா.”

மறுநாள் காலை வேலைக்குப் போனவள் மத்தியானம் வரை சொல்லவில்லையாம். அதற்குள் மேலாளர் படம் வரையும் பெண்ணைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் எதிரில், “யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வரைஞ்சா எப்படிம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கண் கலங்கி நின்றிருக்கிறாள். கழுகு எழுந்து போய் நொடித் தாள்களை அவர் மேசையில் வைத்தாள்.

“அவ மேல தப்பு இல்ல தம்பி. அவ முதல் தடவை வெச்ச இடத்துலயே எல்லாம் சரியா இருந்துச்சு. நான்தான் திருப்பித் திருப்பி அனுப்பினேன். உங்க விதி, என் கண்ணு. ரெண்டும் சேந்து கெடுத்திருச்சு.”

மேலாளர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். தன் விதி என்ற பகுதியை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. “அப்ப உங்கள வெச்சு சோதிக்கவே முடியாதுன்னு சொல்றீங்களா அம்மா?” என்று கேட்டார்.

“முடியாதுன்னுதான் சொல்றேன்.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் இடம் மாறியிருந்த கரண்டியைக்கூடச் சொல்லாமல் விட்டாள். என் மனைவி அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

பொருள்களை முதலில் வைத்த இடங்களுக்குத் திருப்பி, இருபத்து நான்காம் தேதி ஆட்டத்தைப் புதுப்பித்தார்கள். இருபத்தெட்டாம் தேதி சராசரி 2.6. மூன்று ஆகவில்லை. ஆனால் புதிதாக எழுதியவர்களை மட்டும் கணக்கிட்டால் 3.8 வந்ததால், மேலாளர் அவளை வெளியே அனுப்பவில்லை. வேலையை மாற்றினார். இனி சோதிப்பவர்கள் தெருவில் போகிற வருகிற சாதாரண ஆட்கள், நாளுக்கு ஒன்பது பேர். ஆளுக்கு நாற்பது நிமிடம். கழுகு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று எழுத வேண்டும். பேசக் கூடாது. கை காட்டக் கூடாது. இருமக்கூடக் கூடாது, முதல் வாரம் அவள் இருமியே நான்கு பொருளைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

அந்த வேலையில் அவளுக்கு இது எட்டாவது மாதம். போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். மாடி ஏறிப் போனேன். சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கைபேசி. எனக்குப் பின்னால் அவள் நாற்காலி. புது ஆட்டத்தின் இரண்டாம் அறை அது, ஒரு தையல் கூடம். பதினொரு பொருள் கிடைத்தது. மணி கிடைக்கவில்லை. ஜன்னலில் தேடினேன், அலமாரியில் தேடினேன், துணிக் குவியலில் தேடினேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம். பிறகு மூச்சையே அடக்கிக்கொண்டாள் போலிருந்தது. நாற்பது நிமிடம் முடிந்தது. ‘மணி: காணவில்லை’ என்று அவள் எழுதும் பேனாச் சத்தம், தாள் கிழிந்துவிடும் என்பதுபோல் கேட்டது.

வேலை முடிந்து இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். சைக்கிள் கடையைத் தாண்டும்வரை பொறுத்தாள்.

“தையல் மெஷினோட சக்கரத்துல தொங்குச்சு அத்தான், அந்த மணி.”

“சரி. விடு.”

“பதினேழு தடவை உங்க விரல் அது பக்கத்துல போச்சு. நான் எண்ணினேன். ஒரு தடவை அரை விரல்கடைதான் தள்ளி.”

“சரின்னு சொல்றேனே.”

“இல்ல, நான் சொல்லணும். பகல் பூரா சொல்லாம உக்காந்திருக்கேன். உங்களுக்கு முன்னாடி ஒரு பஸ் டிரைவர் வந்தாரு. கத்தரி மேலயே விரல வெச்சிக்கிட்டு கத்தரி எங்கன்னு கேக்குறாரு. அவருக்கு முன்னாடி ஒரு நர்ஸம்மா. அவங்களுக்குப் பித்தான்...”

பேருந்து வந்தது. கூட்டம். இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைய ஒன்பது பேரும் பார்க்காமல் விட்ட இருபத்தாறு பொருளையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். பக்கத்தில் நின்ற பெண் தன் பையை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.