எந்த ஈயம்?

நாள் தள்ளிப்போயிருந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் குமட்டியது. நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஏற்றுமதி ஆர்டரைத் தேதிக்குள் முடித்து அனுப்புபவள். அவசரப்படுவதே என் வேலை. அன்று மாலையே கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிவிட்டேன். ஒற்றைக் கோடு, கர்ப்பம் இல்லை. குமட்டல் மட்டும் நிற்கவில்லை. வயிற்றை முறுக்கியது. வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தது. சிறுநீரக மருத்துவர் என் வேலையைப் பற்றி விசாரித்தார்.

"ஈயம் ஏதாச்சும் புழங்கறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்."

என் கணவர் சிரித்துவிட்டார். "ஏம்புள்ள, தெனமும் ஈயச் சொம்புலதான ரசம் வெக்கற? பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்காரனக் கட்டிக்கிட்டு ஈயமே இல்லைங்கற!"

"அது வேற ஈயமுங்க மாமா."

மருத்துவர் சிரிக்கவில்லை. "எந்த ஈயம்னு சொம்பத்தான் கேக்கணும். எடுத்துட்டு வாங்க."

அது அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த சொம்பு. ரசச் சொம்பை வெள்ளீயத்தில் செய்ய வேண்டும். சோதித்ததில் எங்களுடையதில் நஞ்சான காரீயம் கலந்திருந்தது. வீட்டில் இரண்டுக்கும் ஈயம் என்று ஒரே பெயர்தான். புளிப்புப் பட்டால் காரீயம் கரையும். ரத்தம் வழியே போய்ச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் (சத்தைத் திரும்ப உறிஞ்சும் இடம்) தங்கிவிடும். எலும்பிலும் படியும். சுண்ணாம்புச் சத்து என்று எலும்பும் ஏமாந்துபோகிறதாம், என்னைப் போலவே.

உங்கள் வீட்டிலும் ஈயச் சொம்பு இருந்தால் பெயரை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்.

கீலேஷன் (உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மருந்து) ஏற்றினார்கள். குமட்டல் நின்றது. கிரியாட்டினின் இறங்கியது, முழுதாக அல்ல.

"கொழந்தைக்கு முயற்சி பண்ணலாமுங்களா?"

"இப்ப வேண்டாம்மா. வயித்துப் பிள்ளைக்கு உங்க எலும்புதான் சுண்ணாம்பு குடுக்கும். கூடவே இந்த ஈயமும் போயிரும். ரத்தத்துல அளவு எறங்கட்டும், கிட்னியும் தேறட்டும்."

"எப்பங்க டாக்டர்?"

"அது எலும்பு ஈயத்த விடறதப் பொறுத்துங்கம்மா."

ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணியே வாழ்ந்தவள் நான். என் எலும்பிடம் தேதி கேட்க முடியாது. மேசைக்குக் கைக்குழந்தை அளவில் சாம்பிள் பனியன் வந்தால், தையலைப் பார்த்த பிறகும் உடனே கீழே வைக்க மனம் வருவதில்லை.

இந்த மாதமும் நாள் தள்ளிப்போனது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கோடாகவே இருக்கட்டும் என்று முதன்முறையாக வேண்டிக்கொண்டேன். ஒற்றைக் கோடுதான் வந்தது. பிறகு ஜன்னலோரம் போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது கோடு மங்கலாகவாவது தெரிகிறதா என்று.