விமானத்தள வேலியில் கட்டிய கிடுகு

வேலி விவகாரம் தொடங்குமுன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலிற் கூறிவிடுகிறேன்; பின்னர் எழுந்த கதைகள் அதனை மறைத்துவிட்டன. நான் கல்லூரியில் முறையாகக் கற்றவன். எங்கள் ஊரின் எல்லையில் விமானத்தளத்தை விரிவாக்க வந்த இராணுவப் பொறியியற் பிரிவில் மேற்பார்வையாளராக நியமனம் பெற்ற ஒரே உள்ளூரவன். தார் காய்ச்சும் இடத்துக்கும் முழுக்கைச் சட்டையுடனேயே செல்வேன்.

ஓடுபாதையையும் வடிகாலையும் அவர்கள் திறம்பட அமைத்தார்கள். இறுதியாகத் தளத்தைச் சுற்றி முட்கம்பி வேலி போட்டார்கள். அது என் மாமனாரின் தோட்டக் கிணற்றை உரசிக்கொண்டு சென்றது. இந்தப் பக்கம் பெண்கள் குளிக்கும் கிணற்றடி; அந்தப் பக்கம் காவலரண்.

ஊடு தெரிகின்ற ஒன்றை யாழ்ப்பாணத்தில் எவரும் வேலி என்று ஒப்புக்கொள்வதில்லை. மாமனார் ஒரு கிழமைக்குள் அந்தக் கம்பி மறையத் தென்னோலைக் கிடுகு வைத்து வரிந்து கட்டிவிட்டார்.

பொறியியற் பிரிவின் கப்டன் வந்து பார்த்தார். காவலரணிலிருந்து கிடுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"கொழும்பிலிருந்து மேலதிகாரி வருகிறார். அதற்குள் இந்த ஓலை போகவேண்டும். அல்லது நீர் போகவேண்டும்" என்று ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

அன்று மாலை மாமனாரிடம் போனேன்.

"மாமா, அது அரசாங்க வேலி."

"கம்பி அரசாங்கத்தின்ரை. கிணறு என்ரை. கிடுகு ஆற்றை? அதுவும் என்ரைதான்."

"காவலுக்கு வெளியிலை தெரியவேணுமாம்."

"மேலை வாற பிளேனைப் பாக்கச் சொல்லும். எங்கடை கிணத்தடியிலை என்ன பிளேனே இறங்குது? கிடுகிலை கை வைச்சீரெண்டால் இந்தப் படலைக்குள்ளை வராதையும். ஓம், சொல்லிப்போட்டன்."

"அங்கை உங்கடை மனுசியும் குளிக்கிறவதான், மருமோன்" என்று மாமி குசினிக்குள் இருந்து நினைவூட்டினார்.

ஒருபுறம் உத்தியோகம்; மறுபுறம் மாமனார் வீட்டு வாசற் படலை. இரண்டில் எதை இழந்தாலும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

மேலதிகாரிக்குக் குளியல் தொட்டி அமைக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. மறுநாள் குழாயைப் புதைப்பித்து, காவலரணுக்கு அருகே தொட்டியைக் கட்டுவித்தேன். பின்னர் மாமனாரிடம் மேலதிகாரி வரும் நாளுக்கும் மறுநாட் காலைக்கும் மட்டும் கிடுகைக் கழற்றித் தரும்படி கேட்டேன். அவ்விரு நாளும் பெண்கள் எவரும் குளிக்கவேண்டாம், தண்ணீர் அள்ள வந்தாற் போதும் என்றும் சொன்னேன். மாமனார் முறைத்தார். மாமிக்கு உடனே விளங்கிவிட்டது.

மேலதிகாரி வந்தார், வேலியூடாக வெளி தெளிவாகத் தெரிவதைப் பாராட்டினார். அடுத்த நாட் காலை ஒரு துவாயை உடுத்துக்கொண்டு தொட்டியடியில் நின்று உடம்பெல்லாம் சவர்க்காரம் பூசினார். அவ்வேளையில் அயலில் உள்ள பெண்கள் அனைவரும் குடங்களுடன் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். வழக்கமாக இரண்டு மூன்று பேர் வரும் கிணறு அது.

மாமி முன்னுக்கு வந்தார். "ஐயா, உங்கை தண்ணி காணுமோ? காணாட்டில் துலாவிலை அள்ளி ஊத்திவிடுறம்."

"முதுகு தேய்க்க ஆள் வேணுமோ எண்டும் கேளுங்கோ மாமி" என்றது பின்னால் ஒரு குரல்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு விளங்கியது. துவாயை ஒரு கையாலும் சவர்க்காரம் வழிந்த கண்ணை மறுகையாலும் பிடித்தபடி கப்டனைக் கூவி அழைத்தார். இந்த வேலியை ஏன் இன்னும் மறைக்கவில்லை என்பதே அவரது கேள்வி.

பின்னேரத்துக்குள் சிப்பாய்களே கிடுகு கட்டினார்கள். மாமனார் இந்தப் பக்கம் நின்று, "இறுக்கிக் கட்டுங்கோ தம்பியவை, ஆடு பூந்திடும்" என்று ஏவினார். காவலரண் தெருப்பக்க ஒழுங்கையின் முகப்புக்கு மாற்றப்பட்டது. என் உத்தியோகமும் நிலைத்தது. படலையும் திறந்தே இருந்தது.

நான் வேண்டுமென்றே தொட்டியை அவ்விடத்தில் வைத்தேன் என்று கொடிகாமம் வரை கதைத்துத் திரிகிறார்கள். அது பிழை. தண்ணீர்க் குழாய் அங்கேதான் முடிந்தது.